இரண்டு ஏர்லைன் ஆஃபர், வீடு வேறு ஊரில்: எதை எடுப்பது?

பைலட் வேலைக்கு ஆஃபர் லெட்டர் இரண்டு வந்துவிட்டது என்றால் முதல் வேலையாக, இரண்டிலும் மணிக்கு இத்தனை டாலர் என்று போட்டிருக்கிற வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். அதை அப்புறம் பார்க்கலாம். மறைத்த பிறகு மிஞ்சுவதில் பேஸ் (வேலை தொடங்குகிற இடம்) எந்த ஊர், பயிற்சி வகுப்பு என்றைக்குத் தொடங்குகிறது, இந்த இரண்டும்தான் அடுத்த மூன்று வருடத்துக்கு நீங்கள் எங்கே தூங்கப்போகிறீர்கள் என்பதைச் சொல்லும். நான் அந்த வரியை மறைக்கவில்லை. அதனால் வட கரோலினாவில், ராலேயில் வீட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் நியூயார்க்குக்குப் போய் வந்தேன்.

இது அமெரிக்காவில் 1,500 மணி நேரப் பறப்பை எப்படியோ ஒப்பேற்றி (கல்லூரிப் பட்டத்தோடு சேர்த்துப் பயிற்சி எடுத்தவர்களுக்கு 1,000), ரீஜினல் ஏர்லைன் (பெரிய ஏர்லைன்களுக்காகச் சின்ன விமானங்கள் ஓட்டுகிற கம்பெனி) ஒன்றில் முதல் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை பைலட்) வேலைக்குப் போகிறவர்களுக்காக. கிரீன் கார்டோ குடியுரிமையோ கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கமியூட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். உங்கள் டிரிப் (ஒரு நாளோ சில நாளோ தொடர்ந்து பறந்து திரும்புகிற ஒரு சுற்று) தொடங்குகிற ஊர் பேஸ். வீடு வேறு ஊரில் இருக்கிறது. வீட்டிலிருந்து பேஸுக்கு எப்படி வந்து சேர்கிறீர்கள் என்பது முழுக்க முழுக்க உங்கள் பாடு, கம்பெனிக்கு அதில் அக்கறை கிடையாது, காலை 6 மணிக்கு ரிப்போர்ட் என்றால் 6 மணிக்கு ஆள் அங்கே நிற்க வேண்டும். மற்ற வேலைகளில் இப்படி யாரும் செய்யமாட்டார்கள். விமானத்தில் வேலை செய்கிறவர்கள் மட்டும் செய்வதற்குக் காரணம், இடம் இருந்தால் இலவசமாகப் பறந்து போகலாம் என்ற வசதி. ‘இடம் இருந்தால்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வயிற்றெரிச்சல் ஒளிந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் பாதி.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். ராலேக்குப் பக்கத்தில் கேரியில் இருக்கிற ஒரு தம்பி போன மாதம் கூப்பிட்டான். மனைவிக்கு ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் வேலை, வீட்டுக் கடன் இருக்கிறது, ஊரை மாற்ற முடியாது. இரண்டு ஆஃபர். ஒன்று நியூயார்க் பேஸ், இ-175 விமானம். இன்னொன்று அதே மாநிலத்தில் ஷார்லட் பேஸ், சி.ஆர்.ஜே விமானம். நியூயார்க்காரன் மணிக்கு 8 டாலர் கூடுதலாகத் தருகிறான், சேரும்போது போனஸும் உண்டு. “அண்ணா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்றான். நிறைய இருக்கிறது.

முதலில் பேஸை உறுதிப்படுத்துங்கள்

ஆஃபரில் ஒரு பேஸ் பெயர் இருந்தால் அதுதான் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எச்.ஆரில் பேசுகிறவர் “எல்லாரும் ரொம்பச் சீக்கிரம் கேட்ட பேஸுக்குப் போய்விடுகிறார்கள்” என்பார். ‘ரொம்பச் சீக்கிரம்’ என்பதற்கு அர்த்தம் கிடையாது. அதே பேஸில் இப்போது பறக்கிற ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த பேஸில் சீனியாரிட்டியில் கடைசி ஆள் எப்போது வேலையில் சேர்ந்தவர், ரிசர்விலிருந்து (கூப்பிட்டால் பறப்பது) லைனுக்கு (மாதத்தின் டிரிப்புகள் முன்பே தெரிகிற நிலை) வந்த கடைசி ஆள் எப்போது சேர்ந்தவர், கடந்த ஒரு வருடத்தில் இந்த பேஸுக்கு எத்தனை காலியிடம் அறிவித்தார்கள். இந்த மூன்றுக்கும் பதில் கம்பெனியின் பட்டியல்களில் கறுப்பு வெள்ளையாக இருக்கும், யாருடைய நல்லெண்ணமும் தேவையில்லை.

ஏர்லைன் உலகத்தில் எல்லாமே சீனியாரிட்டிதான். பேஸ், விமான வகை, டிரிப், லீவு, கேப்டன் பதவி எல்லாம். நீங்கள் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே வகுப்பில் சேர்கிறவர்களுக்குள்கூடப் பல நிறுவனங்கள் வயதை வைத்தோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்தோ வரிசை போடுகின்றன. அதனால் வகுப்புத் தேதி இரண்டு வாரம் முன்னால் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு முன்னால் சேர்கிற ஐம்பது பேர், நீங்கள் அந்தக் கம்பெனியை விட்டுப் போகிற வரை உங்களுக்கு முன்னால்தான் நிற்பார்கள்.

விமானங்களை எண்ணுங்கள், உட்கார்ந்து எண்ணுங்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் ஒரு சனிக்கிழமை மதியம் போதும். வீட்டு விமான நிலையத்திலிருந்து பேஸுக்கு நேரடியாகப் போகிற எல்லா விமானங்களையும் எழுதுங்கள். எந்த நிறுவனம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்த வகை விமானம். திரும்பி வருவதற்கும் அப்படியே. வாரநாள் ஒன்று, ஞாயிறு ஒன்று, தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் ஒரு நாள் என்று மூன்று பட்டியல் போடுங்கள், மூன்றும் ஒன்று போல இருக்காது.

பிறகு பட்டியலை ஆராயுங்கள். காலையில் முதல் விமானம் எத்தனை மணிக்கு பேஸில் இறங்குகிறது? இரவு கடைசி விமானம் எப்போது பேஸை விட்டுக் கிளம்புகிறது? இந்த இரண்டுக்கும் நடுவில் தொடங்கி முடிகிற டிரிப்தான் உங்களுக்கு வசதியானது. அதற்கு வெளியே போகிற ஒவ்வொன்றும் ஒரு இரவைத் தின்னும்.

எந்த நிறுவனம் பறக்கிறது என்பது ஏன் முக்கியம் என்றால், காக்பிட்டில் பின்னால் இருக்கிற ஜம்ப்சீட்டுக்கு முதல் உரிமை அந்த நிறுவனத்தின் சொந்த பைலட்டுகளுக்கு. அதற்கப்புறம் கூட்டாளி நிறுவனத்துக்காரர்கள், கடைசியில்தான் வெளியாட்கள். நீங்கள் சேரப்போகிற கம்பெனியே உங்கள் வழித்தடத்தில் பறந்தால் வரிசையில் முன்னால் இருப்பீர்கள். இல்லாவிட்டால் மற்றவர்கள் ஏறி மிச்சம் இருந்தால்தான். இ-175, சி.ஆர்.ஜே மாதிரிச் சின்ன ஜெட்டுகளில் காக்பிட்டில் இருப்பது ஒரே ஒரு ஜம்ப்சீட். மோசமான வானிலையில் கூடுதல் எரிபொருள் ஏற்றி, எடை அதிகமாகிவிட்டது என்றால் முதலில் இறக்கிவிடப்படுகிறவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சீட் காலியாக இருக்கும், கதவு மூடும், நீங்கள் கேட்டில் நிற்பீர்கள்.

ஜம்ப்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை, புதியவர்கள் இதில் தவறு செய்கிறார்கள். அது உங்கள் உரிமை கிடையாது, அந்த விமானத்தின் கேப்டன் தருகிற அனுமதி. கேட்டில் இருப்பவரிடம் அடையாள அட்டையைக் கொடுத்தால் அவர் ‘காஸ்’ என்ற கணினிச் சரிபார்ப்பில் உங்கள் பெயரைப் பார்ப்பார், பிறகு நீங்கள் காக்பிட் வாசலில் நின்று பெயர் சொல்லி, எந்தக் கம்பெனி என்று சொல்லி, “ஏறிக்கொள்ளலாமா கேப்டன்?” என்று கேட்க வேண்டும். பின்னால் பயணிகள் பகுதியில் சீட் கிடைத்துவிட்டாலும் கேட்க வேண்டும். கேட்காமல் நேராகப் போய் உட்கார்ந்து, கேப்டன் எழுப்பி இறக்கிவிட்ட கதைகள் உண்டு. ஆஃபர் எடுக்கும்போது, பயிற்சியின் எந்த நாளிலிருந்து இந்தச் சலுகை வேலை செய்யும் என்றும் கேட்டுவையுங்கள்.

சரி, ராலேயைப் பார்ப்போம். நியூயார்க்கின் மூன்று விமான நிலையங்களுக்கும் நேரடி விமானம் இருக்கிறது, பறக்கிற நேரம் ஒன்றரை மணிதான். காகிதத்தில் பார்த்தால் அருமை. ஆனால் சில நிறுவனங்களில் ‘நியூயார்க் பேஸ்’ என்றால் லகார்டியா, ஜே.எஃப்.கே, நூவர்க் எல்லாம் சேர்ந்தது. டிரிப் ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் முடியலாம், நடுவில் இருக்கிற டாக்ஸிக் காசு யார் தருவது என்பது கான்ட்ராக்டைப் பொறுத்தது. கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்தப் பக்கம் இடி மின்னல் கட்டினால் மொத்த நகரத்துக்கும் விமானங்களை நிறுத்திவைப்பார்கள். மாலை விமானத்தை நம்பி வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அன்றைக்கு ரிப்போர்ட்டுக்குப் போகமாட்டான்.

ஷார்லட்டுக்கு கேரியிலிருந்து சுமார் 150 மைல், ரோடு நன்றாக இருந்தால் இரண்டரை மணி நேரம். காரில் போகிற கமியூட்டை விமான கமியூட்டோடு ஒப்பிடவே கூடாது. காருக்கு ஸ்டாண்ட்பை லிஸ்ட் கிடையாது. ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். வீடு மேற்கில், பேஸ் கிழக்கில் என்றால் காலை ரிப்போர்ட்டுக்கு அன்றைக்கே கிளம்பிப் போக வழியில்லை, முந்தின நாளே போயாக வேண்டும் அல்லது இரவு முழுக்கப் பறந்து போக வேண்டும். வீடு கிழக்கில், பேஸ் மேற்கில் என்றால் போகும்போது மூன்று மணி நேரம் லாபம், திரும்பும்போதுதான் அதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ரிசர்வ் எத்தனை மாதம்?

புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் ரிசர்வில்தான் தொடங்குவார்கள். கூப்பிட்டால் வர வேண்டும், கூப்பிடாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். பேஸிலேயே வீடு இருக்கிறவனுக்கு இது சொர்க்கம், துணி மடித்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம். கமியூட் செய்கிறவனுக்கு மாதத்தில் பதினெட்டு நாள் அறிமுகமில்லாத ஊரில் கட்டிலில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை.

இரண்டு வகை உண்டு. ஷார்ட் கால் என்றால் கூப்பிட்ட இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும், வீட்டில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. லாங் கால் என்றால் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ அவகாசம், ராலேயில் உட்கார்ந்தே ரிசர்வ் இருக்கலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் பேஸில் எத்தனை பேருக்கு லாங் கால் கிடைக்கிறது, ஷெட்யூலிங்கில் இருப்பவர் எந்த நேரத்திலும் அதை ஷார்ட் காலாக மாற்ற முடியுமா. இரண்டாவது கேள்வியின் பதில் பெரும்பாலும் “முடியும்”. எவ்வளவு முன்னறிவிப்போடு என்று கேளுங்கள்.

ரிசர்வ் காலத்துக்குக் கட்டாயம் ஒரு கிராஷ்பேட் வேண்டும். ஒரு வீட்டில் எட்டு, பத்து பைலட்டுகளும் பணிப்பெண்களும் அடுக்குக் கட்டிலில் தூங்குகிற இடம். குயீன்ஸில் கியூ கார்டன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே இவர்கள் கூட்டம் அதிகம் என்பதால் அதற்கு ‘குரூ கார்டன்ஸ்’ என்றே செல்லப்பெயர். ‘ஹாட் பங்க்’ என்றால் எந்தக் கட்டில் காலியோ அதில் படுக்க வேண்டும், வாடகை குறைவு. ‘கோல்ட் பங்க்’ என்றால் அந்தக் கட்டில் உங்களுடையது மட்டும். நான் முதல் மூன்று மாதம் ஹாட் பங்கில் இருந்தேன். யாரோ படுத்து எழுந்த சூட்டோடு விரிப்பை மாற்றிப் படுத்த அனுபவத்துக்குப் பிறகு நூறு டாலர் அதிகம் கொடுத்து மாறிவிட்டேன்.

டிரிப் ஷீட்டை வாங்கி இரவுகளை எண்ணுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, இதை ஒருவரும் செய்வதில்லை. இரண்டு கம்பெனியிலும் பறக்கிற யாரிடமாவது கடந்த மூன்று மாத டிரிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அந்த பேஸில் எத்தனை டிரிப் காலை 11 மணிக்கு மேல் தொடங்குகிறது, எத்தனை மாலை 6 மணிக்குள் முடிகிறது என்று பார்த்துக் குறியுங்கள். முன்னாலும் பின்னாலும் வசதியாக இருப்பவை எப்போதும் குறைவு, அதைச் சீனியர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஏனென்றால் அவர்களிலும் பாதிப்பேர் கமியூட் செய்கிறவர்கள். உங்களுக்குக் கிடைப்பது காலை 5:15 ரிப்போர்ட், கடைசி நாள் இரவு 10:40க்கு முடிவு.

மாதத்தில் நான்கு நாள் டிரிப் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரிப்புக்குள்ளேயே 12 இரவு ஹோட்டல், அது எல்லாருக்கும் பொது. அதற்கு மேல் டிரிப்புக்கு முந்தின இரவும் முடிந்த இரவும் பேஸில் மாட்டிக்கொண்டால் அதிகபட்சம் இன்னும் 8. தம்பியின் கணக்கில் நியூயார்க்குக்கு மாதம் 6 கூடுதல் இரவு வந்தது, ஷார்லட்டுக்கு 2. அதாவது நியூயார்க் என்றால் 18 இரவு வெளியே, ஷார்லட் என்றால் 14.

ஒரு விஷயம் புதியவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். ஒரே நாளில் போய்த் திரும்புகிற டர்ன் டிரிப் நல்லது, நான்கு நாள் டிரிப் கெட்டது என்று நினைப்பார்கள். பேஸில் குடியிருப்பவருக்கு அது சரி. கமியூட் செய்கிறவருக்கு ஒவ்வொரு டிரிப்பும் ஒரு போக்குவரத்து, அதனால் நாள் அதிகமான டிரிப்தான் லாபம். அலீஜியன்ட் மாதிரி பெரும்பாலும் அன்றன்றைக்கே பேஸுக்குத் திரும்புகிற கம்பெனிகள், பக்கத்துத் தெருவில் வீடு இருப்பவனுக்கு வரம், வெளியூர்க்காரனுக்குச் சாபம். பிற்காலத்தில் பெரிய ஏர்லைனுக்குப் போய் அகலமான விமானங்களில் வெளிநாட்டு டிரிப் எடுத்தால் இது எளிதாகும், ஐரோப்பாவுக்கு மாலையில் கிளம்பும், திரும்பி மதியம் இறங்கும், மாதத்துக்கு மூன்று நான்கு தடவை போனால் போதும்.

கமியூட்டே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. அட்லஸ், கலிட்டா மாதிரிச் சரக்கு நிறுவனங்கள் வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையத்திலிருந்து டிக்கெட் வாங்கிக் கொடுத்து அழைத்துக்கொள்வார்கள், ஆனால் ஒரு தடவை போனால் இரண்டு வாரத்துக்கு மேல் வெளியே. நெட்ஜெட்ஸில் ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு என்ற முறை இருக்கிறது.

இப்போது கட்டைவிரலை எடுங்கள்

மணிக்கு 8 டாலர் அதிகம். மாதத்துக்கு உத்தரவாதமாகக் கிடைக்கிற 75 பறப்பு மணி நேரத்தால் பெருக்கினால் 600, வருடத்துக்கு 7,200. கிராஷ்பேட் மாதம் 350 என்றால் வருடம் 4,200. டாக்ஸி, வெளிச்சாப்பாடு, வீட்டு விமான நிலையத்தில் பார்க்கிங் என்று மாதம் நூறு போட்டால் 1,200. மிச்சம் 1,800. எதிர்ப்பக்கத்தில் ஷார்லட்டுக்கு மாதம் ஐந்து தடவை போய்வர 1,500 மைல், பெட்ரோல் வருடத்துக்கு ஏறக்குறைய 1,900 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக நியூயார்க்கின் லாபம் 3,700 டாலர். மாதம் 4 இரவு அதிகம், வருடத்துக்கு 48. வகுத்தால் ஓர் இரவுக்கு 77 டாலர், அதுவும் வரி பிடிப்பதற்கு முன்னால். குழந்தை தூங்கப்போகிற நேரத்தில் வீட்டில் இல்லாமல் இருக்க 77 டாலர் உங்களுக்குப் போதுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், சிலருக்குப் போதும், கடன் கழுத்தை நெரித்தால் எனக்கும் போதும். இது லைன் கிடைத்த பிறகான கணக்கு. ரிசர்வில் இருக்கும்போது இரண்டு பக்கமும் கட்டில் வாடகை வரும்.

போனஸை இதில் நான் சேர்க்கவே இல்லை. இத்தனை வருடம் இருக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பயிற்சி ஒப்பந்தம் என்று தனியாக ஒரு தாள் இருந்தால் அதையும் கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்.

வரியில் ஒரு நல்ல செய்தி. நியூயார்க்கில் பேஸ் என்பதற்காக நியூயார்க் மாநிலம் உங்களிடம் வருமான வரி கேட்க முடியாது. பல மாநிலங்களில் பறக்கிற ஊழியரின் சம்பளத்துக்கு, அவர் குடியிருக்கிற மாநிலமும், சம்பளத்தில் பாதிக்கு மேல் ஈட்டுகிற மாநிலம் என்று ஒன்று இருந்தால் அதுவும் மட்டுமே வரி போடலாம் என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. பறக்கிற நேரம் பல மாநிலங்களுக்குப் பிரிந்துவிடுவதால் பெரும்பாலானவர்களுக்கு வீட்டு மாநிலம் மட்டும்தான். கெட்ட செய்தி, கிராஷ்பேட் வாடகையை 2018 முதல் மத்திய வரியில் கழிக்க முடியாது.

கமியூட்டர் ஷரத்து

கான்ட்ராக்டில் இந்தப் பகுதியை மட்டும் நீங்களே படியுங்கள், யாரும் சுருக்கிச் சொல்வதை நம்பாதீர்கள். ரிப்போர்ட்டுக்கு முன்னால் வந்து சேரக்கூடிய இரண்டு விமானங்களுக்கு முயற்சி செய்தும் ஏற முடியாமல் போனால் தண்டனை கிடையாது என்பதுதான் வழக்கமான சாரம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கிறது: எத்தனை சீட் காலி காட்டியிருக்க வேண்டும், வருடத்துக்கு எத்தனை தடவை, ரிசர்வில் இருப்பவருக்குப் பொருந்துமா, காரில் வருகிறவருக்குப் பொருந்துமா (பல இடங்களில் பொருந்தாது), இழந்த டிரிப்புக்குச் சம்பளம் போகுமா. முதல் வருடம் புரொபேஷன். அந்த வருடத்தில் இந்த உரிமையை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்த வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், யூனியன் அப்போது உங்களுக்காகப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

கம்பெனி நிலைக்குமா, கேப்டன் எப்போது?

ரீஜினல் ஏர்லைன்கள் பெரிய ஏர்லைன்களுக்காக ஒப்பந்தத்தில் பறப்பவை. ஒப்பந்தம் போனால் கம்பெனி போச்சு. 2020இல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கம்பஸ் இரண்டும் ஏப்ரலில் மூடின, எக்ஸ்பிரஸ்ஜெட் யுனைடெட்டுக்காகப் பறப்பதைச் செப்டம்பர் கடைசியில் நிறுத்தியது. அங்கே பதினைந்து வருட சீனியாரிட்டி வைத்திருந்தவர்கள் அடுத்த கம்பெனியில் கடைசி ஆளாகச் சேர்ந்தார்கள். ஆகவே ஒரே ஒரு பெரிய ஏர்லைனை நம்பி இருக்கிறதா, அந்த ஏர்லைனுக்கே சொந்தமா, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். பெரிய கம்பெனிக்கு நேராக ஏறிப்போகிற ‘ஃப்ளோ’ ஏற்பாடு இருந்தால், கடந்த வருடம் உண்மையில் எத்தனை பேர் போனார்கள் என்று கேளுங்கள்.

கேப்டன் ஆக, இந்த வகை ஏர்லைன் பறப்பில் ஃபர்ஸ்ட் ஆபீசராக 1,000 மணி நேரம் வேண்டும். எந்தக் கம்பெனியில் அந்த மணி சீக்கிரம் சேரும் என்பது ஒரு கேள்வி. ரிசர்வில் படுத்தே கிடந்தால் சேராது. ஆனால் இன்னொன்று, கேப்டன் ஆனதும் கேப்டன்களின் வரிசையில் மறுபடி அடியில் போய் விழுவீர்கள், மறுபடி ரிசர்வ், யாரும் போக விரும்பாத பேஸ். மூன்று வருடம் கஷ்டப்பட்டு நல்ல லைன் வாங்கியவர்கள் இதற்காகவே பதவி உயர்வைத் தள்ளிப்போடுவது உண்டு.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக

2009 பிப்ரவரி 12 அன்று நூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை செய்ததுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் அதே விசாரணையில் வெளியான இன்னொன்று, ஃபர்ஸ்ட் ஆபீசர் முந்தின இரவு சியாட்டிலிலிருந்து விமானம் மாறி மாறி வந்து சேர்ந்தவர், கேப்டனும் ஃபுளோரிடாவிலிருந்து கமியூட் செய்தவர், இருவருக்கும் நூவர்க்கில் படுக்க இடம் இல்லை. களைப்பு எவ்வளவு பங்கு வகித்தது என்று அவர்களால் அளந்து சொல்ல முடியவில்லை. 1,500 மணி நேர விதியும், 2014 ஜனவரியில் வந்த பார்ட் 117 ஓய்வு விதிகளும் அதன் பிறகு வந்தவைதான்.

அந்த விதியில் டியூட்டிக்கு முன்னால் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்குவதற்கான வாய்ப்பு என்று இருக்கிறது. கம்பெனி உங்களைப் பயணியாக ஏற்றி அனுப்பினால் அது டியூட்டி. நீங்களாக கமியூட் செய்தால் அது ஓய்வு. ஆமாம், சட்டத்தின் கண்ணில் ஜம்ப்சீட்டில் முதுகு ஒடிய உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு டியூட்டிக்கு முன்னாலும் பறக்கத் தகுதியாக இருக்கிறேன் என்று உறுதி தருகிறவர் நீங்கள்தான்.

ஷார்லட்டின் குழி என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். காரில் போகலாம் என்றவுடன், இரவு 11 மணிக்கு டிரிப் முடிந்து, பதினான்கு மணி நேரம் விழித்திருந்த பிறகு, இன்டர்ஸ்டேட் 85இல் இரண்டரை மணி நேரம் ஓட்டி வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். நானும் பின்னால் காரில் போய்வந்த காலத்தில், அந்த மாதிரி ஒரு இரவில் கிரீன்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் ரோட்டோரத் தடத்தின் கரகர சத்தத்தில் கண் விழித்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒன்பது மணிக்கு மேல் முடிந்தால் ஹோட்டல்தான் என்று வைத்துக்கொண்டேன். மாதம் 2 கூடுதல் இரவு என்று ஷார்லட்டுக்குப் போட்டது அதற்காகத்தான்.

வீட்டில் பேசுவது

எண்களை எழுதின தாளை மனைவியிடமோ கணவரிடமோ காட்டுங்கள். “கொஞ்ச நாள் கஷ்டம், அப்புறம் சரியாகிவிடும்” என்று வாயால் சொல்லாதீர்கள். மாதக் காலண்டர் ஒன்றை எடுத்து, வெளியே இருக்கிற இரவுகளைச் சிவப்பில் குறித்து, குழந்தையைப் பள்ளியில் விடுவது யார், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போவது யார், காய்ச்சல் வந்தால் லீவு போடுவது யார் என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் எல்லாக் கட்டத்திலும் ஒரே பெயர்தான் வரும். அந்தப் பெயருக்கு உரியவரின் ஓட்டுக்கு இரண்டு ஓட்டு என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு சின்ன ஆறுதல்: கிறிஸ்துமஸ் லீவு உங்களுக்குப் பல வருடம் கிடைக்காது, ஆனால் தீபாவளியும் பொங்கலும் கேட்டால் கிடைக்கும், வேறு யாரும் கேட்பதில்லை.

வேண்டாம் என்று சொல்வது

முடிவு எடுத்த அன்றே இன்னொரு கம்பெனிக்கு இரண்டு வரியில் நன்றி சொல்லி மெயில் அனுப்பிவிடுங்கள். இரண்டு வகுப்புத் தேதியையும் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாளில் ஒன்றுக்குப் போகாமல் இருக்கிறவர்கள் உண்டு. இது சின்ன உலகம், ஆள் எடுக்கிறவர்கள் கம்பெனி மாறுவார்கள், இன்னும் நான்கு வருடத்தில் அதே ஆள் நீங்கள் ஆசைப்படுகிற பெரிய ஏர்லைனில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். பயிற்சிக்குப் போன பிறகு நடுவில் விட்டு வருவதையும் தவிருங்கள், பயிற்சி விவரங்கள் எல்லாம் பைலட் பதிவேட்டில் ஏறி, பின்னால் வருகிற ஒவ்வொரு கம்பெனியும் பார்க்கும்.

தம்பி ஷார்லட்டை எடுத்துக்கொண்டான். நியூயார்க்கில் இ-175 ஓட்ட முடியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, அது நல்ல விமானம், வருத்தம் நியாயம்தான். ரிசர்வ் மாதங்களுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோல்ட் பங்க் பார்த்துவிட்டான், மாதம் 300 டாலர், போட்டோ அனுப்பியிருந்தான். மெத்தையை மட்டும் நீயே புதிதாக வாங்கிக்கொள் என்று பதில் போட்டேன்.